பழைய வேக்குவம் கிளீனர்களின் துணைக்கருவிகள்: அடையாளம் காணும் முறை

பழைய வேக்குவம் கிளீனருடன் வந்த பிரஷ், இடுக்கு முனை, நீட்டுக்குழாய், ஹோஸ் போன்றவை எந்த நிறுவனத்துடையவை, எந்தக் காலத்தவை என்று கண்டறிவது சேகரிப்பாளர்களுக்கும் பழுதுபார்ப்பவர்களுக்கும் தேவைப்படும் ஒரு திறன். இயந்திரம் ஓரிடத்திலும் அதன் உதிரிகள் வேறொரு பெட்டியிலும் கிடப்பது வழக்கம். பார்ப்பவர் கண் முதலில் தூசி இழுக்கும் வாய்ப்பக்கத்துக்குத்தான் போகும். அதனால் பெரிய பயனில்லை. இடுக்கு முனை யார் செய்தாலும் தட்டையாக, நீளமாகத்தான் இருக்கும். குழாயோடு சேரும் கழுத்தைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கத் தயாரிப்புகள் பலவற்றில் கழுத்தின் விட்டம் ஒன்றேகால் அங்குலம், அதாவது சுமார் 32 மி.மீ. பூட்டு எதுவும் இல்லாமல், அழுத்திச் செருகினால் இறுக்கத்திலேயே நிற்கும். ஒன்றரை அங்குலக் கழுத்தும் உண்டு. கழுத்து சற்றுக் கூம்பியிருப்பதால் விளிம்பில் ஓர் அளவும் உள்ளே தள்ளி வேறோர் அளவும் வரும். இரண்டையும் குறித்துக்கொள்வது நல்லது. இணைக்கும் முறையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கிர்பி நிறுவனத்தின் இயந்திரங்களில் முன்தலையைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலேயே ஹோஸ் மாட்டப்படும். ஹூவரின் பழைய நிமிர்நிலை மாடல்கள் பலவற்றில் பெல்ட்டை எடுத்துவிட்டு, அடியில் ஓர் இணைப்புத் தகட்டைப் பொருத்தியாக வேண்டும். தனியாகக் கிடைத்தால் அந்தத் தகடு வேக்குவம் கிளீனரின் பாகம் என்றே தோன்றாது. குப்பி வைத்த தெளிப்பானும் இப்படித்தான் குழப்பும். சிலிண்டர் வகையில் ஹோஸைக் காற்று வெளியேறும் பக்கத்திலும் மாட்டலாம். பெயிண்டும் பூச்சிமருந்தும் அடிக்க இந்தத் தெளிப்பானைச் சேர்த்து விற்றார்கள்.

காலத்தைக் கணிக்கப் பொருள் உதவும். லியோ பேக்லண்ட் 1907-இல் உருவாக்கிய பேக்லைட் என்ற பிளாஸ்டிக், கருப்பாகவோ பழுப்பாகவோ, கனமாக இருக்கும். கட்டைவிரலால் சூடேறத் தேய்த்தால் கார்பாலிக் வாடை அடிக்கும். நைலான் 1938-இல்தான் அறிவிக்கப்பட்டது. பிரஷ்ஷில் ஓர் இழையைப் பிடுங்கி நெருப்பில் காட்டினால் நைலான் உருகி உருண்டுகொள்ளும், குதிரைமயிர் பொசுங்கி நாறும். ஆனால் நைலானைக் கண்டதும் முழுக் கருவியும் பிற்காலத்தது என்று முடிவு கட்டக்கூடாது, மயிரை யாராவது மாற்றியிருக்கலாம். ஹோஸில் துணிப்பின்னல் இருந்தால் பெரும்பாலும் பழையது. வினைல் பின்னர் வந்தது.

கருவியில் பொறித்திருக்கும் அமெரிக்கக் காப்புரிமை எண் இன்னும் உறுதியான தடயம். பத்து லட்சமாவது எண் 1911-இலும், இருபது லட்சமாவது 1935-இலும், முப்பது லட்சமாவது 1961-இலும் வழங்கப்பட்டன. எண்ணுக்குப் பதில் தேதி பொறித்திருந்தால் பெரும்பாலும் 1920-களுக்கோ அதற்கு முன்போ உரியது. எண் சொல்வது கீழ்வரம்பை மட்டுமே. ஒரே அச்சில் அதே எண்ணோடு பல ஆண்டுகள் வார்த்திருப்பார்கள்.

பெயரை நம்புவதுதான் ஆபத்து, எலக்ட்ரோலக்ஸ் அதற்கு உதாரணம். சுவீடனில் 1921-இல் வந்த மாடல் ஐந்து, சறுக்குக்கட்டைகள் மேல் இழுத்துச் செல்லும் சிலிண்டர். அமெரிக்காவில் அதே பெயரில் இயங்கிய நிறுவனம் தன் மாடல்களைத் தானே வடிவமைத்தது. அதிலிருந்த பங்குகளைச் சுவீடன் நிறுவனம் 1968-இல் விற்றுவிட்டது. எனவே ஒரே பெயர் பொறித்த இரண்டு கருவிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகலாம். 2000-இல் சுவீடன் நிறுவனம் அந்தப் பெயரின் உரிமையைத் திரும்ப வாங்கியது, அமெரிக்க நிறுவனம் ஏரஸ் என்று மாறியது. பழைய அமெரிக்க எலக்ட்ரோலக்ஸுக்கு உதிரி வேண்டுவோர் ஏரஸ் என்ற பெயரிலும் தேட வேண்டும்.