ஹைஸ்கூல் கோச் ஜெரி ஃபாஸ்ட்

மகன் வீட்டுக்குச் சின்சினாட்டி போயிருந்தபோது அமெரிக்கன் ஃபுட்பால் பார்த்தேன். உரித்த தேங்காய் மாதிரி ஒரு பந்து. உதைப்பதைவிடக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். ஆட்டம் முழுதாகப் புரியவில்லை. ஆனால் அந்த ஊர் கோச் ஜெரி ஃபாஸ்டின் கதை மனதில் தங்கிவிட்டது.

மோலர் என்ற கத்தோலிக்க ஆண்கள் பள்ளியில் 1963 முதல் 1980 வரை கோச். 178 வெற்றி, 23 தோல்வி, 2 டிரா. ஓஹையோ மாநிலப் பட்டம் ஐந்து தடவை. கல்லூரியில் ஒருநாள்கூடக் கோச்சாக இருந்ததில்லை. அவரைத்தான் புகழ்பெற்ற நோட்டர் டேம் பல்கலைக்கழகம் 1981 சீசனுக்குத் தலைமைக் கோச்சாக்கியது. (நானும் ஹைஸ்கூலில் கணக்கு எடுத்தவன்தான். திடீரென்று எம்.எஸ்ஸி. வகுப்புக்குப் போகச் சொல்லியிருந்தால் கை நடுங்கியிருக்கும்.)

முதல் ஆட்டத்தில் லூசியானா ஸ்டேட்டை 27-9 என ஜெயித்ததும் அணி நாட்டிலேயே முதலிடம். மறு வாரமே மிச்சிகனிடம் 25-7 என்று தோல்வி. அந்த வருடம் 5 வெற்றி, 6 தோல்வி. பள்ளியில் அவர் வார்த்து எடுத்த பையன்கள். இங்கே எதிரணியிலும் பொறுக்கி எடுத்த சூரர்கள். அதுதான் வித்தியாசம் என்று எனக்குப் படுகிறது.

பழைய மாணவர்கள் எவ்வளவோ முணுமுணுத்தும் நிர்வாகம் ஐந்து வருட ஒப்பந்தத்தை முறிக்கவில்லை. அதை மெச்சத்தான் வேண்டும். மொத்தம் 30 வெற்றி, 26 தோல்வி, 1 டிரா. 1985-ல் ராஜினாமாவை அறிவித்துவிட்டுப் போன கடைசி ஆட்டத்தில் மயாமியிடம் 58-7.

அவர் சேர்த்துவிட்டுப் போன டிம் பிரவுன் என்ற பையன் 1987-ல் ஹைஸ்மன் கோப்பை வாங்கினான். அப்போது அங்கே கோச், லூ ஹோல்ட்ஸ். ஃபாஸ்ட் ஓஹையோவுக்கே திரும்பி, ஆக்ரன் பல்கலைக்கழகத்தில் பையன்களைப் பழக்கிக்கொண்டிருந்தார்.