குடில்

திருவண்ணாமலையில் குடில் என்றதும் சாமியார்களின் ஓலைக் குடில்தான் நினைவுக்கு வரும். மார்கழி பிறந்துவிட்டால் ஊரின் கிறிஸ்தவ வீடுகளில் அதே சொல்லுக்கு வேறு பொருள்: இயேசு பிறப்புக் காட்சி.

குடி, குடிசை, குடும்பம் எல்லாம் குடில் என்பதன் உறவுக்காரச் சொற்கள். வடமொழியிலும் குடீரம் உண்டு. யார் யாரிடம் வாங்கினார்கள் என்ற வழக்கு முடிந்தபாடில்லை. சொல் இருக்கட்டும், இயேசு பிறப்பைச் சொல்லும் லூக்கா நற்செய்தியில் குடிலே கிடையாது. மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டி மட்டும்தான். பழைய மொழிபெயர்ப்பில் அது ‘முன்னணை’. 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அமைத்த காட்சியிலிருந்து பரவிய வழக்கம், நம்மூரில் கூரையும் வைக்கோலுமாகக் குடிலாயிற்று. பொருத்தமான பெயர்தான்.

குடில் வேலை முன்கூட்டியே தொடங்கிவிடும். தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ நெல்லோ தூவி, தினமும் தண்ணீர் தெளித்தால் பண்டிகைக்குள் பச்சைப் புல்வெளி தயார். காகிதத்தைக் கசக்கிச் சாயம் பூசினால் பாறை. அடுக்களையில் முறுக்கு வேகும்போது ஆடு மேய்ப்பர் பொம்மைகளுக்கு இடச்சண்டை நடக்கும். குழந்தை இயேசு மட்டும் டிசம்பர் 24ஆம் தேதி நள்ளிரவில்தான் வருவார். மூன்று ராஜாக்களின் திருநாளான ஜனவரி 6 கழிந்தபின் குடிலைப் பிரிப்பார்கள்.