மெர்சென் பட்டியலில் ஓர் எண்

147,573,952,589,676,412,927 என்னும் இருபத்தோர் இலக்க எண், 2இன் 67ஆம் வலுவிலிருந்து ஒன்றைக் கழிக்க வருவது. இது முதன்மை எண் என 1644ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துத் துறவி மரின் மெர்சென் தமது நூலின் முன்னுரையில் எழுதினார். கூற்றுப் பிழையானது. ஆயினும், அதனைப் பெருக்கிக் காட்டிப் பொய்ப்பிப்பதற்கு 259 ஆண்டுகள் சென்றன.

இத்தகைய எண்கள்மீது அன்றைய அறிஞர் கொண்ட ஆர்வத்துக்கு யூக்கிளிட்டே காரணம். 2இன் வலுவொன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க முதன்மை எண் வருமாயின், அதிலிருந்து ஒரு நிறைவெண்ணைப் பெறலாம் என அவர் நிறுவியிருந்தார். 7இலிருந்து 28 கிடைப்பது அவ்வாறே. 28இன் வகுத்திகளான 1, 2, 4, 7, 14 ஆகியவற்றின் கூட்டுத்தொகையும் 28 ஆகும். 257வரையான வலுக்களுள் முதன்மை எண் தருவன பதினொன்றே என்ற மெர்சென், நிறுவலெதனையும் தரவில்லை. 67, 257 ஆகிய இரண்டையும் தவறாகச் சேர்த்தார். 61, 89, 107 ஆகிய மூன்றையும் தவறவிட்டார். 1772இல் ஒயிலர் 31ஆம் வலுவுக்குரிய எண் முதன்மையே என நிறுவியதும், எஞ்சியவற்றின்மீது நம்பிக்கை வளர்ந்திருத்தல் இயல்பே.

1876இல் பிரெஞ்சு அறிஞர் எடுவார் லூக்கா, காரணிகளைத் தேடாமலே முதன்மையைச் சோதிக்கும் முறையொன்றை வகுத்தார். அம்முறைப்படி, 67ஆம் வலுவுக்குரிய எண் பகுபடும் என்பது வெளியாயிற்று. ஆனால் எவற்றாற் பகுபடும் என்பதை அச்சோதனை சொல்லாது. களவு நடந்தது திண்ணம், கள்வன் எவனென்பது மட்டும் தெரியாது என்ற நிலை!

தேடலுக்கு ஒரு துணை இருந்தது. இவ்வெண்ணின் காரணி எதுவாயினும் அது 134இன் மடங்கொன்றுடன் ஒன்றைக் கூட்டியதாகவே இருத்தல் வேண்டும். அவ்வாறிருந்தும் கையாற் சோதிக்கவேண்டியவை இலட்சக்கணக்கில் எஞ்சும். கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராங் நெல்சன் கோல், வர்க்க மீதிகளின் துணையால் அவற்றை மேலும் குறைத்து விடை கண்டார்: 193,707,721 × 761,838,257,287. முதற் காரணி 134இன் 1,445,580 மடங்கிலும் ஒன்று கூடியது.

1903 ஒக்டோபரில், நியூயோர்க்கில் நடைபெற்ற அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில், கோல் ஒரு சொல்லும் பேசாது கரும்பலகையில் இப்பெருக்கலைச் செய்துவிட்டு அமர்ந்தார் என்றும், அதற்கு மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செலவாயின என்றும் சொல்வர். இக்கதையைப் பரப்பியது 1951இல் வெளியான எரிக் ரெம்பிள் பெல்லின் நூல். கதையை அழகாகச் சொல்வதில் வல்லவர் பெல். அரை நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட சான்றை வரலாற்று மாணவர் அப்படியே ஏற்றல் தகாது. 1903இலேயே கழகத்தின் ஏட்டில் வெளியான கோலின் கட்டுரையோ கையிலுள்ளது. பெருக்கலை எவரும் சரிபார்க்கலாம்.

மெர்சென் பட்டியல் முழுவதும் சோதித்து முடிக்கப்பட்ட ஆண்டு 1947. அவரது மற்றைப் பிழையான 257ஆம் வலுவுக்குரிய எண்ணும் பகுபடும் என்பது கணினிக் காலத்துக்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. அதன் முதற் காரணி அகப்பட்டதோ 1979இலேயே.