தீவாந்தரம் போன முன்னோர்

நம் முன்னோரின் வரலாற்றைத் தேடப் புகும் இளைஞர் முதலிற் காண்பது வெறுமையே. நிலப் பத்திரங்களிலும் கல்வெட்டுகளிலும் நிலமற்ற உழைப்பாளியின் பெயரைக் காண்பது அரிது. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய ஊர்கள் அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் நம் மக்கள் நிலமின்றிக் கடனுக்கும் பண்ணைக்கும் கட்டுண்டு கிடந்ததை, ஆட்சியர் திரமென்கீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையே எடுத்துரைக்கிறது.

ஆனால், அரசு ஓர் ஏழையைத் தண்டித்தபோது அவனைப் பற்றி விரிவாக எழுதி வைத்தது. தீவாந்தர சிட்சை பெற்றோரைக் கப்பலேற்றுகையில் பெயர், வயது, சாதி, உயரம், உடல் அடையாளம், குற்றம், தண்டனை ஆகியவை பட்டியலிடப்பட்டன. இவ்வாறு சென்றவருள் எல்லாச் சாதியாரும் இருந்தனர்.

சென்னை மாகாணக் கைதிகள் பெங்கூலன், பினாங்கு முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1825 ஏப்ரல் 18ஆம் நாள் பெங்கூலனிலிருந்து சிங்கப்பூர் வந்திறங்கிய முதற் கூட்டத்தார் எண்பதின்மரும் சென்னையிலிருந்து கடத்தப்பட்டவர்களே. இவர்களும் பின்வந்தோரும் காடு வெட்டிச் சாலை அமைத்தனர். 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித அந்திரேயா பேராலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்தது. அதன் உட்சுவர்களில், சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றாலான சென்னைச் சுண்ணச் சாந்து பூசப்பட்டது. நன்னடத்தையுடையோர் உடன்கைதிகளுக்கே மேற்பார்வையாளராயினர். 1873இல் அக்கைதி நிலையம் மூடப்பட்டபோது, எஞ்சியோரிற் பலர் அந்தமானுக்கு மாற்றப்பட்டனர்.

'கப்பலேறிப் போனவர் திரும்பவில்லை' என்று உங்கள் வீட்டு மூதாட்டி கூறினால், அதை வீண் பேச்சென்று தள்ளாதீர். பெயர், தகப்பனார் பெயர், ஊர், ஏறத்தாழ எந்தக் காலம் என்பவற்றை முதலிற் கேட்டு எழுதுங்கள். பின்னர் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் நீதித்துறை நடவடிக்கைத் தொகுதிகளைத் தேடுங்கள். 1862இல் உயர்நீதிமன்றம் அமைவதற்கு முன், மாவட்டங்களின் பெருங்குற்ற வழக்குகளில் பௌஜ்தாரி அதாலத்தே மேல்மன்றமாக இருந்தது. ஆங்கில எழுத்தர் ஒரே பெயரைப் பலவாறு எழுதியிருப்பர். ஆதலால் பெயர் ஒன்று மட்டும் பொருந்தினால் உறவென்று முடிவு கட்டலாகாது. ஊரும் காலமும் பொருந்த வேண்டும்.

கண்டறிந்த முன்னோரை மறைக்கவும் வேண்டாம், மெய்யறியாது வீரராக்கவும் வேண்டாம். பஞ்சத்தில் நெல் எடுத்தவரும் உண்டு, கொலை செய்தவரும் உண்டு. அந்த ஏடு தண்டித்தவர் எழுதியது. அவர் பக்கத்து நியாயம் அதில் முழுமையாக இராது. எனினும் அவர் வாழ்ந்தார் என்பதற்கு அதுவே சான்று.

ஆயுட்கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் கொடுமை 1849இல் சட்டத்தால் ஒழிந்தது. எழுத்தறியாத கைதியால் தன் நெற்றியில் எழுதப்பட்டதைக்கூட வாசிக்க இயலவில்லை. கல்வி பெற்ற நாம் வாசிக்கலாம், பிழையிருப்பின் திருத்தியும் எழுதலாம். அதுவே அவருக்கு நாம் செலுத்தும் கடன்.