கறுப்பினப் பெண்களின் கதைக்கோவைகளும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

தனித்து நிற்கவல்ல கதைகள் பல, ஓரிடத்தாலோ உறவாலோ பிணைக்கப்பட்டு ஒரே புதினமாக அமைவதைக் கதைக்கோவை எனலாம். ஆங்கிலத்தில் எழுதிய கறுப்பினப் பெண்கள் இவ்வடிவத்தைக் கையாண்ட வரலாற்றில் இரு நூல்கள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, அமெரிக்கரான குளோரியா நெய்லர் 1982-இல் வெளியிட்ட ‘தி விமன் ஆஃப் புரூஸ்டர் பிளேஸ்’. மற்றொன்று, பிரிட்டனைச் சேர்ந்த பெர்னார்டின் எவரிஸ்டோ 2019-இல் வெளியிட்ட ‘கேர்ள், உமன், அதர்’.

நெய்லரின் புதினம் ஏழு கதைகளாலானது. சுவரொன்றால் நகரிலிருந்து துண்டிக்கப்பட்ட ஒரு தெருவே அவற்றை இணைக்கிறது. மகனைப் பிணையில் எடுக்க வீட்டை ஈடுவைத்து இழந்த மேட்டி, பிறிதொரு கதையில் குழந்தையைப் பறிகொடுத்த சீலைத் தேற்றுகிறாள். ஒரு கதையின் தலைமை மாந்தர் மற்றொன்றில் துணை மாந்தராகிறார். ‘கறுப்பினப் பெண்’ என்னும் ஒற்றை வார்ப்பு இதனால் உடைகிறது. இவ்வடிவின் ஈர்ப்பு இதில்தான் உள்ளது. 2019-இல் புக்கர் பரிசை மார்கரெட் அட்வுட்டுடன் பகிர்ந்துகொண்ட எவரிஸ்டோவின் நூலில் இத்தகைய மாந்தர் பன்னிருவர். 19 வயது மாணவி முதல் 93 வயது மூதாட்டி வரை அவர்கள் வேறுபடுகின்றனர்.

இவ்வேறுபாடு பெரிதும் பேச்சுமொழியால் உணர்த்தப்படுகிறது. குரல்கள் ஒன்றாகிவிட்டால் கோவை என்பதே பொருளிழக்கும். ஆப்பிரிக்க அமெரிக்க ஆங்கிலத்தில் இணைப்புவினை விடுபடுவது பிழையன்று, விதிவழிப்பட்டது என வில்லியம் லபோவ் 1969-இல் நிறுவினார். தமிழிலோ ‘அவள் ஆசிரியை’ என்பது இணைப்புவினையின்றியே இயல்பான தொடராகும். எனவே அவ்விடுபாட்டின் சமூகப் பொருளை அதே உத்தியால் தமிழில் காட்ட இயலாது. மாற்றாகத் தமிழ் வட்டார வழக்கொன்றைப் பயன்படுத்தினால், அவ்வழக்குக்குரிய ஊரும் சாதியும் பாத்திரத்தின்மீது ஏறிவிடுகின்றன.

எவரிஸ்டோவின் நடை பெரும்பாலும் முற்றுப்புள்ளியைத் தவிர்த்து வரிப்பிரிப்பால் இயங்குவது. வினையெச்சங்களை அடுக்கி இதனைத் தமிழாக்குவது எளிதெனத் தோன்றும். ஆயின் வினையெச்சம் முற்றுவினைக்குக் கீழ்ப்பட்டது. மூலத்திலோ தொடர்கள் பெரிதும் சமநிலையில் நிற்கின்றன. எனவே முற்றுவினைகளையும் வரிப்பிரிப்பையும் பேணுவதே மூலத்துக்கு நெருக்கமானதாகும்.

பால் அடையாளத்தை மறுக்கும் மார்கன் என்னும் பாத்திரம் மற்றொரு சிக்கலைத் தருகிறது. ‘அவர்’ என்பது பாலை மறைத்தாலும் மரியாதையைச் சேர்க்கிறது. ஏனையோரை ‘அவள்’ என்றால் மார்கன் மட்டும் உயர்த்தப்பட்டவராவார். அனைவரையும் ‘அவர்’ என்றால் வயது வேறுபாடு மங்கும். ஆகவே பதிலிப்பெயர்த் தேர்வைக் கதைதோறும் தனித்தனியே செய்யாமல், பன்னிருவரையும் ஒருங்கே நோக்கி முடிவுசெய்தல் வேண்டும்.