ஆட்டுக்கல்லும் அதன் வினைச்சொல்லும்: கோலார் தங்கவயல் அடுக்களையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பழைய அடுக்களைக் கருவிகளைத் தேடிச் சேர்க்கும் வழக்கம் கடந்த சில பத்தாண்டுகளில் இந்திய நகரங்களில் பரவியுள்ளது. அகமதாபாத்தில் 1981இல் சுரேந்திர படேல் நிறுவிய பாத்திர அருங்காட்சியகமும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவின் பழைய வீடுகளும் இவ்வார்வத்தின் பொது வடிவங்கள் எனலாம். வீட்டளவில் இவ்வார்வம் இருவகையாக வெளிப்படுகிறது. சிலர் பித்தளை ஸ்டவ்வையும் ஈயச்சொம்பையும் வரவேற்பறையில் அழகுக்காக வைக்கின்றனர். வேறு சிலர் அவற்றை அடுப்படிக்கே திருப்பி அழைத்து அன்றாடம் பயன்படுத்துகின்றனர்.

பண்பாட்டு ஆய்வாளருக்கு இவ்விரண்டும் ஒன்றாகத் தோன்றக்கூடும். மொழியியல் நோக்கில் இவற்றிடையே அடிப்படை வேறுபாடு உண்டு. காட்சிக்கு வைக்கப்பட்ட கருவி தன் பெயர்ச்சொல்லை மட்டுமே காக்கிறது. பயன்படும் கருவி தன் வினைச்சொல்லையும் காக்கிறது. இக்கருத்தைக் கோலார் தங்கவயலின் அடுக்களையை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தங்கவயலும் அதன் அடுக்களைகளும்

ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் இங்குச் சுரங்கத் தொழிலை ஏற்றது. அதன்பின் வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் பெருந்தொகையாக வந்து குடியேறின. அவர்களுள் பெரும்பான்மையோர் தமிழ் பேசுவோர். தெலுங்கு பேசுவோரும், சுற்றுக் கிராமங்களின் கன்னடம் பேசுவோரும், ஆங்கிலோ இந்தியரும் உடன் வாழ்ந்தனர். மைசூர் அரசு 1956இல் சுரங்கங்களை ஏற்றது; 1962இல் அவை நடுவண் அரசிடம் சென்றன; 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று; 2001 பிப்ரவரி 28இல் பணி நிறுத்தப்பட்டது.

அடுக்களை வரலாற்றுக்கு இன்றியமையாத ஆண்டு 1902 ஆகும். அவ்வாண்டில் சிவசமுத்திரத்து நீர்மின் நிலையத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் நீளக் கம்பி வழியே தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரியத் தொடங்கியது 1905இல்தான். ஆயினும் இம்மின்சாரம் சுரங்கத்துக்காக வந்ததேயன்றி அடுக்களைக்காக வந்ததன்று. ஆலையில் தங்கப்பாறையை இடிக்கவும் அரைக்கவும் இயந்திரங்கள் இயங்கிய காலத்தில், தொழிலாளர் குடியிருப்பில் கேழ்வரகைத் திரித்ததும் மிளகாயை அரைத்ததும் கைகளே. மூங்கில் தட்டிக் குடிசைகளிலும் பின்னர் லைன் வீடுகளிலும் அம்மி, ஆட்டுக்கல், உரல், திரிகை ஆகியவையே கருவிகள்.

அதிகாரிகளின் பங்களாச் சமையலறை வேறுபட்ட சொல்லுலகம். சமையலறைக்கு வழங்கிய ‘குசினி’ போர்த்துக்கேய மொழி தந்த சொல். இவ்வுணவு மரபு ஆங்கிலத்தில் ஓரளவு பதிவாகியுள்ளது. தங்கவயலில் வளர்ந்த பிரிட்ஜெட் வைட்-குமாரின் ஆங்கிலோ இந்தியச் சமையல் நூல்கள் அதற்குச் சான்று. லைன் வீட்டு அடுக்களையின் சொற்களும் அத்தகைய கவனத்திற்கு உரியவை.

மூன்று மொழிகளின் உரல்

ஊர் பெயர்ந்து வருவோர் கல்லைச் சுமந்து வருவதில்லை. சொல்லைச் சுமந்து வருகின்றனர். கல் எங்கும் கிடைக்கும். ஆகவே தங்கவயல் போன்ற ஊரில் ஒரே கருவி அண்டை வீடுகளில் மூன்று பெயர்களோடு வாழ்கிறது. தமிழ் ‘உரல்’ கன்னடத்தில் ‘ஒரளு’, தெலுங்கில் ‘ரோலு’. தமிழ் ‘உலக்கை’ கன்னடத்தில் ‘ஒனகெ’, தெலுங்கில் ‘ரோகலி’. தெலுங்கில் முதலுயிர் இடம்பெயர்ந்து மெய் முன்வரும் மாற்றத்துக்கு இவ்விரு சொற்களும் ஒப்பிலக்கண நூல்கள் காட்டும் நல்ல சான்றுகள். ‘திரிகை’யும் தெலுங்குத் ‘திருகலி’யும் சுழற்சிப் பொருளை அடிப்படையாகக் கொண்டவை. பெரும்பாணாற்றுப்படையில் வரும் ‘திரிமரம்’ என்ற சொல் இக்கருவிப் பெயரின் தொன்மையைக் காட்டும்.

பெயர்கள் இவ்வாறு இனமாக நிற்க, வினைகள் பிரிந்து செல்கின்றன. திரிகையில் மாவாக்குவதைத் தமிழ் ‘திரித்தல்’ என்கிறது. கன்னடம் ‘பீசு’ என்கிறது. தெலுங்கு ‘விசுரு’ என்கிறது. ஈர மாவாக்குவதைத் தமிழ் ‘ஆட்டுதல்’ என்கிறது. கன்னடமும் தெலுங்கும் ‘ருப்பு’ (பகரம் ஒலிப்புடையது) என்கின்றன. கன்னடப் ‘பீசு’ காற்று வீசுதலையும் குறிக்கும் வடிவம். தமிழின் மொழிமுதல் வகரம் கன்னடத்தில் பகரமாவது அறிந்ததே. எனவே ஒரு கன்னடக் கதையில் பெண் ராகியைப் ‘பீசு’வதாக வந்தால், ஒலியொப்புமையை நம்பி ‘வீசினாள்’ என எழுதும் மொழிபெயர்ப்பாளர் தானியத்தைத் தெருவில் இறைத்தவராவார். அங்கே வேண்டிய சொல் ‘திரித்தாள்’ என்பதே.

இவ்வினைகள் இலக்கிய வகைகளையும் ஈன்றுள்ளன. கன்னட நாட்டார் வழக்கில் ‘பீசுவ பத’, ‘குட்டுவ பத’ என்பன திரிகையிலும் உரலிலும் பிறந்த பாடல்கள். தமிழில் உலக்கைப் பாட்டாகிய வள்ளையும், மணிவாசகரின் திருப்பொற்சுண்ணமும் இடித்தல் என்னும் செயலின் தாளத்தில் அமைந்தவை. செயல் மறைந்த வீட்டில் அப்பாடலின் தாளம் ஏட்டளவில் மட்டுமே புரியும்.

கருவி மாற்றமும் வினை மாற்றமும்

கருவி மாறும்போது வினை மாறுமா? சான்றுகள் ஒரு பொது நெறியைச் சுட்டுகின்றன: வினை பின்பற்றுவது கருவியின் பொருளையன்று, அதன் இயக்கத்தை.

1950களின் நடுவில் கோயம்புத்தூரில் மின் கிரைண்டர் உருவாயிற்று. ஆட்டுக்கல்லில் கல் நிலையாக இருக்கக் குழவி சுழலும். கிரைண்டரில் பாத்திரம் சுழலக் குழவி அதனோடு உராயும். இயங்கும் உறுப்பு மாறினும் கல்லோடு கல் சுழன்று உராயும் இயக்கம் மாறவில்லை. ஆகவே ‘மாவாட்டுதல்’ என்ற வினை கிரைண்டருக்கும் எளிதாக இடம்பெயர்ந்தது. ‘குழவி’ என்ற உறுப்புப் பெயரும் உடன் வந்தது.

மிக்ஸியின் நிலை வேறு. அதில் அலகுகள் வெட்டிச் சுழல்கின்றன. அம்மியின் ‘அரை’ அதற்கு வழங்கினாலும், ‘மிக்ஸியில் அடித்தல்’ என்ற புதுத்தொடரும் தோன்றியது. இடித்த பொடி, திரித்த மாவு, அரைத்த விழுது, நசுக்கிய பூண்டு, தட்டிப்போட்ட இஞ்சி ஆகியவை தனித்தனி மென்மையும் தனித்தனி மணமும் உடையவை. தனித்தனி வினைகளால் சுட்டப்பட்டவை. ஒரே கருவி இவை அனைத்தையும் செய்யத் தொடங்கியபின் வினைகளின் எல்லைகள் மங்குகின்றன. ‘அரை’ என்பது அனைத்துக்கும் பொதுவாகிறது. சொற்பரப்பு சுருங்கும் இடம் இதுவே.

அடுப்பிலும் இத்தகைய வரலாறு உண்டு. சுவீடனில் 1892இல் லிண்ட்குவிஸ்ட் உருவாக்கிய காற்றழுத்த ஸ்டவ் ‘பிரைமஸ்’ என்ற வணிகப் பெயரால் உலகெங்கும் பரவியது. தமிழில் இயக்கமே பெயருக்கு அடையாயிற்று: காற்றடித்து எரிப்பது ‘பம்ப் ஸ்டவ்’, திரியால் எரிவது ‘திரி ஸ்டவ்’. அதற்கு ஊற்றும் எண்ணெய் தமிழ் எழுத்து வழக்கில் ‘மண்ணெண்ணெய்’. பேச்சில் ‘கிருஷ்ணாயில்’, ‘சீமெண்ணெய்’ என்ற வழக்குகளும் உண்டு. இவற்றுள் கடைசி வடிவம் கன்னடத்தின் ‘ஸீமெ எண்ணெ’யோடு பொருந்துகிறது. 1910இல் கல்கத்தாவில் இந்துமாதவ மல்லிக் வடிவமைத்த இக்மிக் குக்கர் ‘குக்கர்’ என்ற சொல்லை நீராவிச் சமையலோடு இணைத்தது. 1950களின் இறுதியில் அழுத்தச் சமையற்கலன் இந்தியாவிலேயே செய்யப்படத் தொடங்கியபின், ‘மூன்று விசில்’ என்பது தமிழில் ஒரு கால அளவாகவே நிலைபெற்றது. புதுக் கருவி சொற்களை அழிப்பதோடு நில்லாமல் ஆக்கவும் செய்கிறது என்பது இதனால் விளங்கும்.

பயன்பாடும் பராமரிப்புச் சொற்களும்

பழங்கருவியை அன்றாடம் பயன்படுத்துவோர் அதைப் பேணியாக வேண்டும். இங்குதான் சேகரிப்பவருக்குத் தேவைப்படாத ஒரு சொற்றொகுதி உயிர்பெறுகிறது. தேய்ந்து வழவழப்பான அம்மி விழுதை அரைக்காது வழுக்கும். உளியால் அதைக் ‘கொத்த’ வேண்டும். பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறும். அதன் உட்புறத்துக்கு ‘ஈயம் பூச’ வேண்டும். புதிய கல்சட்டியை உடனே அடுப்பிலேற்றினால் வெடிக்கக்கூடும். எண்ணெய் தடவியும் கஞ்சி ஊற்றியும் சில நாள் ‘பழக்க’ வேண்டும். ஸ்டவ்வின் துளை அடைத்தால் ‘பின்’ குத்த வேண்டும். காற்று நில்லாவிடில் ‘வாஷர்’ மாற்ற வேண்டும்.

நகரங்களில் இரும்புத் தோசைக்கல்லும் கல்சட்டியும் மீண்டும் விலைபோகின்ற இந்நாளில், ஆங்கில விளக்கக் குறிப்புகள் தமிழாக்கப்படுகின்றன. ஆங்கிலச் ‘சீசனிங்’ உணவுக்கு உப்பும் மசாலாவும் சேர்ப்பதையும், இரும்பைப் பதப்படுத்துவதையும் குறிக்கும். முதற்பொருளை மட்டும் அறிந்தவர் ‘தோசைக்கல்லுக்குச் சுவையூட்டுக’ என எழுத நேரும். ‘பழக்குதல்’ என்ற வினை வீட்டில் வழங்கினால் இப்பிழைக்கு இடமில்லை. மாட்டைப் பழக்குவதுபோல் கல்லையும் பழக்கும் இத்தமிழ் வழக்கு, கருவியை உறவாகக் கொண்ட வாழ்க்கையின் பதிவாகும்.

முடிவுரை

சுரங்கம் மூடப்பட்டபின் தங்கவயலின் குடும்பங்கள் பல வெளியூர்களுக்குப் பெயர்ந்தன. தங்கியோருள் பலர் வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலில் சென்று திரும்புகின்றனர். விடியுமுன் புறப்படும் வீட்டில் ஆட்டுக்கல்லுக்கு நேரமில்லை. பெயரும் குடும்பம் எடையுள்ள கல்லை விட்டுச்செல்வதும் இயல்பே. இதில் யாரையும் குறைகூற இயலாது. கைகளுக்கு ஓய்வளித்த இயந்திரத்தை இகழ்வதும் முறையன்று. ஆனால் கல்லை முன்பு தம் தலையில் சுமவாது சொல்லை மட்டும் சுமந்து வந்த மக்கள், இம்முறை அச்சொல்லையும் விட்டுச்செல்ல நேர்கிறது.

இந்நிலையில் சேகரிப்பு முறையே மாறவேண்டும். தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி உருவாக்கிய தொழிற்சொல் அகராதியின் முதல் தொகுதி 1962இல் வேளாண்மைச் சொற்களோடு வெளிவந்தது. தொழிலைச் செய்வோர் வாயிலாகவே சொற்களைத் தொகுத்தது அதன் சிறப்பு. தமிழில் கி. ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட கரிசல் வட்டாரச் சொல்லகராதி மற்றொரு வழிகாட்டி. அவ்வழியில் தங்கவயல் அடுக்களைக் கருவி ஒவ்வொன்றுக்கும் அதன் பெயர், உறுப்புப் பெயர்கள், செயலைச் சுட்டும் வினை, விளைபொருளின் பெயர், பராமரிப்பு வினை, வழக்கிலுள்ள ஒரு முழுத்தொடர் ஆகிய ஆறும் சேர்த்துப் பதியப்படல் வேண்டும். கருவியைக் கையாள்பவர் கையாளும்போதே அவற்றைச் சொல்லக் கேட்டுப் பதிவதே சிறந்தது. ஆட்டுக்கல் தோட்டத்தில் அழகுக்காக நின்றாலும் அதன் பெயர் நிற்கும். ‘ஆட்டு’ நிற்பதற்கு ஊறிய உளுந்தும் ஒரு கையும் வேண்டும்.