மருந்தும் வாயிலும்

மருத்துவம் நான்கு உறுப்புகளை உடையது என வகுத்தார் திருவள்ளுவர். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து அதனை அளிப்பவர் என்பன அந்நான்கு. முதல் மூன்றும் வாய்த்த பின்னரும் நான்காவது உறுப்பு பழுதுற்றால் என்ன நேரும்? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அபின் வகைப் போதைக்கு அடிமைப்பட்டோர் பெற்ற சிகிச்சையின் வரலாறு இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது.

மார்பின், ஹெராயின் முதலியவற்றுக்கு ஆட்பட்டோர் ஒரு காலத்தில் மருத்துவரையே நாடினர். 1914-ஆம் ஆண்டில் ஹாரிசன் சட்டம் நிறைவேறியது. அது வரிச் சட்டமாகவே பிறந்தது. ஆயினும், அடிமைப்பட்டவரை அந்நிலையில் தாங்கி நிற்பதற்காக மட்டும் மருந்து எழுதித் தருவது மருத்துவம் ஆகாது என்று 1919-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்காலத்தில் சில நகரங்கள் இவர்களுக்கெனத் தனி மருந்தகங்களை நடத்தின. லூசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட் நகரில் மருத்துவர் வில்லிஸ் பட்லர் நடத்தியது அவற்றுள் புகழ்பெற்றது. மத்திய அதிகாரிகளின் நெருக்குதலால் 1923-இல் அதன் பணியும் நின்றது. சிறைக்கு அஞ்சி மருத்துவர்கள் ஒதுங்கினர், நோயாளி குற்றவாளியானார்.

1935-இல் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில் அரசு ஒரு பெரிய மருத்துவ நிலையத்தைத் திறந்தது. அங்கே போதை நீங்கி வெளியேறியோருள் பெரும்பாலோர் மீண்டும் பழைய வழிக்கே திரும்பினர். இதனை மனவுறுதியின் குறை என்றே பலரும் கருதினர். நெடுநாட் பழக்கம் மூளையின் இயக்கத்தையே மாற்றிவிடுகின்றது என்பது பின்னரே தெளிவாயிற்று.

1964-இல் நியூயார்க் நகரத்து ராக்பெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர், மேரி ஜீன் கிரீக் ஆகிய மருத்துவர்கள் மெத்தடோன் என்னும் மருந்தை ஆராயத் தொடங்கினர். நாள்தோறும் ஒரு முறை, சரியான அளவில் வாய்வழி உட்கொண்டால், அது மயக்கம் தராமல் வேட்கையைத் தணிக்கின்றது. போதையின்றித் தவிக்கும் உடல் வேதனையையும் தடுக்கின்றது. 22 நோயாளிகளைப் பற்றிய டோல், நைஸ்வாண்டர் இருவரின் கட்டுரை 1965-இல் வெளிவந்தது. தெருவில் அலைந்தவர்கள் கல்விக்கும் தொழிலுக்கும் திரும்பிய செய்தியை அது கூறியது.

மருந்து கிடைத்தது, வாயிலோ குறுகியது. மிகுதியாக உட்கொண்டால் மெத்தடோன் உயிரைப் போக்கும். கள்ளச் சந்தைக்கும் செல்லக்கூடும். இந்த அச்சம் பொருளற்றதன்று. ஆயினும் 1972-இல் வகுக்கப்பட்ட விதிகள், உரிமம் பெற்ற தனி நிலையங்களில் மட்டுமே அதனை வழங்கச் செய்தன. பிற மருந்துகளைப் போல இந்நோய்க்கு அதனைக் கடையில் வாங்க இயலாது. சிகிச்சையின் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் நேரில் சென்று, பணியாளர் கண்முன்னே அருந்த வேண்டியிருந்தது. தொலைவில் வாழும் தொழிலாளி என் செய்வார்? சிகிச்சைக்குச் சென்றால் வேலை போகும். வேலைக்குச் சென்றால் சிகிச்சை போகும். கைக்குழந்தையுடைய தாயின் நிலையும் அதுவே. நோயாளிகள் இதனைத் ‘திரவ விலங்கு’ என்றே அழைத்தனர்.

இடையில் நின்றுவிடுவோரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பழைய அளவைத் தாங்கும் ஆற்றலை உடல் இழந்திருக்கும். முன்பு உட்கொண்ட அதே அளவு இப்போது நஞ்சாகும். மருந்துடன் இருப்போரைவிட அதனைக் கைவிட்டோர் இறக்கும் வாய்ப்பு இருமடங்குக்கும் மேல் என்று ஆய்வுகள் கூறுகின்றன.

வாயிலை அகலத் திறந்தால் என்ன ஆகும் என்பதைப் பிரான்சு நாடு காட்டியது. பியூபிரனார்பின் என்னும் மற்றொரு மருந்தை எல்லாப் பொது மருத்துவரும் எழுதலாம் என்று 1995-ஐ ஒட்டி அந்நாடு இசைவளித்தது. 1999-க்குள் போதைமருந்தின் மிகையளவால் மாண்டோர் தொகை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. அமெரிக்காவிலோ, 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இம்மருந்தை எழுத மருத்துவர் தனி அனுமதி பெற வேண்டும். தொடக்கத்தில் 30 நோயாளிகளுக்கு மேல் ஏற்கலாகாது. அந்த அனுமதி முறை 2022-ஆம் ஆண்டின் இறுதியில்தான் நீக்கப்பட்டது. 2020-இல் கொள்ளைநோய் பரவியபோது, நிலைபெற்ற நோயாளிகள் மெத்தடோனை 28 நாள் அளவுவரை வீட்டிற்கு எடுத்துச் செல்லலாம் என்று விதி தளர்ந்தது. 2024-இல் அத்தளர்வு நிலைபெற்றது.

இங்கே ஓர் உண்மையை நோக்குதல் வேண்டும். அனுமதி முறை நீங்கிய பின்னரும் பியூபிரனார்பின் பெறுவோர் தொகை எதிர்பார்த்தவாறு உயரவில்லை. “ஒரு போதைக்கு மற்றொரு போதையா?” என்னும் ஏளனம் சட்டத்தோடு மறைந்துவிடவில்லை. நீரிழிவு நோயாளி நாள்தோறும் இன்சுலின் ஏற்பதை நாம் பழிப்பதில்லை. இவரை மட்டும் பழிப்பதேன்? அப்பழிக்கு அஞ்சி நோயாளி வரத் தயங்குகின்றார். மருத்துவரும் ஏற்கத் தயங்குகின்றார்.

நாளை மருத்துவராகவும், சட்டம் இயற்றுவோராகவும், அண்டை வீட்டாராகவும் வாழப்போகும் மாணவர்கள் இவ்வரலாற்றை நினைவிற் கொள்ளல் நன்று. மருந்தைக் கண்டுபிடித்தல் அறிவின் பணி. அது நோயாளியின் கையைச் சென்றடையச் செய்தல் சமுதாயத்தின் பணி. வள்ளுவர் நான்காவதாக வைத்த உறுப்பு நாம் அனைவருமே ஆவோம்.